தவணை தப்பிய பின் மௌனம் வேண்டாம்

இடம்பெயர்ந்து வாழும் நமது விவசாயக் குடும்பங்களுக்கு, விட்டு வந்த காணியே கடைசி முதல். 1990ஆம் ஆண்டின் வன்செயல்களால் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பலர் அம்பாறை மாவட்டத்தில் தமது வயல்களை விட்டு வெளியேறினர். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் கல்முனைக் கரையோரத்தவரையும் பெயர்த்தது. பிள்ளையின் கல்யாணம், வைத்தியச் செலவு, புதிய வீடு என்று இவர்கள் காணியை விற்க வரும்போது, அவசரம் விற்பவருடையது, அவகாசம் வாங்குபவருடையது.

வழக்கமாக நடப்பது இதுதான். சிறு தொகை முற்பணமாகக் கைக்கு வரும். மிகுதிக்கு வங்கி உத்தரவாதக் கடிதம் ஒரு மாதத்தில் தருவதாகப் பேச்சு. மாதம் கடந்தால், வங்கியில் சுணக்கம், அடுத்த கிழமை வரும் என்பார்கள். இதற்கிடையில் வாங்குபவர் வயலில் இறங்கி, மாரிப் போகத்தை விதைத்து அறுத்தும் விடுவார். விற்றவரிடம் காணியும் இல்லை, காசும் இல்லை.

வாங்குபவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தவணையை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மாத்திரமல்ல, விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் துண்டுக் கடதாசியும் நில்லா. அதேவேளை, பணம் வருமுன் அறுதி உறுதியில் ஒப்பமிடவும் கூடாது. ஒப்பமிட்டால் உரிமை கைமாறிவிடும். பின்னர் பொதுவாகப் பணத்துக்கு வழக்காடலாமே தவிர, காணியைத் திருப்பிக் கேட்பது கடினம்.

ஆகவே முதலில் உடன்படிக்கை மட்டும் எழுதுவோம். உத்தரவாதக் கடிதம் வரவேண்டிய திகதி, அத்திகதி முக்கிய நிபந்தனை என்பது, தப்பினால் ரத்துச் செய்யும் உரிமை, முற்பணத்தின் கதி ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். முழுப்பணம் கிடைக்கும்வரை வயலைக் கையளிக்க வேண்டாம். காணி அனுமதிப்பத்திரக் காணியாயின், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலாளரின் முன் அனுமதி தேவை என்பதையும் மறக்கலாகாது.

திகதி தப்பினால் மௌனமாக இருக்கக் கூடாது. கடைசித் தவணை ஒன்றைக் குறித்துப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்ப வேண்டும். திகதி முக்கியமென்று எழுதாத உடன்படிக்கைக்கு இது மிகவும் அவசியம். தவணைக்குப் பின் பேசாமல் பணம் வாங்கினால், தாமதத்தை நாமே ஏற்றதாகிவிடும்.

கோபத்தில் உடனே வேறொருவருக்கு எழுதிக் கொடுப்பதும் தவறு. பதிவு செய்யப்பட்ட உடன்படிக்கை காணிப் பதிவகத்து ஏட்டில் நிற்கும். இருதரப்பும் இணங்கினால், நொத்தாரிசு மூலம் ரத்து உறுதி எழுதிப் பதிய வேண்டும். வாங்குபவர் இணங்காவிடின் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

தெரிந்த மனிசரிடம் எழுத்துக் கேட்பது அவமரியாதை என்று நம்மவர் கூசுவதுண்டு. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்திலும் எரேமியா தீர்க்கதரிசி உறவினரின் நிலத்தை வாங்கியபோது, வெள்ளியை நிறுத்துக் கொடுத்துச் சாட்சிகளோடு பத்திரம் எழுதினார். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆனும் பணிக்கிறது. கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும் அதுவே சொல்கிறது. நேர்மையாகத் தாமதித்தவருக்கு நாமும் அவகாசம் கொடுப்போம். ஆனால் அதையும் திகதியிட்டு எழுத்தில் கொடுப்போம். ரத்துச் செய்தால், உடன்படிக்கையில் சொன்னபடி முற்பணக் கணக்கையும் தீர்ப்போம்.

இக்காரியத்தில் கோவிலும் பள்ளிவாசலும் ஆலயமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. காணி விற்கப் போகும் விதவைத் தாயோடும் முதியவரோடும் விடயம் தெரிந்த ஒருவரை நொத்தாரிசிடம் அனுப்பி வைக்கலாம். வயலை ஒருமுறைதான் விற்கலாம். அந்த ஒருமுறை அவர்கள் தனியே போக வேண்டாம்.