சிரட்டையை நீட்டியது யார்?



அண்மையில் பூவரசங்குளத்தில் எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் காணி உறுதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தனது சீதனக் காணியை ஈடு வைக்கக் கணவரின் கையொப்பம் கேட்கிறார்கள், காணாமற் போனவரிடம் எப்படிக் கையொப்பம் வாங்குவது என்று ஒரு சகோதரி கேட்டார். தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். இதை விளக்கியபோது, அந்தச் சட்டத்தின் பழைய வடிவில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது என்று சொன்னேன்.

"அது வெள்ளைக்காரன் செய்த வேலை, பிள்ளை" என்றார் ஒரு வயதான அம்மா.

மூலையில் இருந்த இன்னொருவர் மெதுவாகக் கேட்டார்: "என்ர அம்மம்மாவுக்குச் சிரட்டையில தேத்தண்ணி ஊத்தினதும் வெள்ளைக்காரனே?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று இந்த மாதம் சேர்ந்து பார்ப்போம்.

1706இல் ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுதித் தருமாறு பணித்தார். இங்கு நீண்ட காலம் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் 12 தமிழ் முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்து, இதுவே எங்கள் வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். 1707இல் அது சட்டமாயிற்று.

அதிலே சில சாதியினர் அடிமைகள் என்று குறிக்கப்பட்டனர். அந்தப் பெயர்களை நான் இங்கு எழுதப் போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எம்மோடு ஒரே பாயில் இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்களும் அவர்கள் அல்லர். காணியையும் நகையையும் போல மனிதரையும் விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம் என்றிருந்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதாவது, அடிமைத்தனம் பெண்ணின் வயிற்றின் வழியே அடுத்த தலைமுறைக்குப் போனது.

பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806இல் அவர்களும் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். 1821இல், இந்தச் சாதிகளில் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலையை அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. எசமானுக்குக் கொடுத்த விலை சாதியைப் பொறுத்து மூன்று அல்லது இரண்டு இறைசால் நாணயம். பெண் பிள்ளைகள் விடுதலையானால் அவர்கள் பெறும் பிள்ளைகளும் விடுதலையாவார்கள் என்பது கணக்கு. ஆனால் பெற்ற தாய் அடிமையாகவே இருந்தாள்.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது இலங்கைக்கு விலக்களித்தது. அந்தச் சட்டத்தின்படி எசமானர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடாக ஒதுக்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். அப்போதும் விடுதலையானவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்கப்படவில்லை. அதனால் பலர் பழைய எசமானின் வளவிலேயே குடியிருந்து, அவர் சொன்ன வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

எனவே வெள்ளைக்காரனின் பங்கு பெரியதுதான். வழக்கமாக இருந்ததை எழுத்தாக்கி, அதற்கு நீதிமன்றத்தையும் காவலையும் துணையாக நிறுத்தினான். ஆனால் அவனுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டவர்களும் எம்மவர்கள். அந்த ஒப்புதலில் அடிமைகளிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

1948இல் அவன் போய்விட்டான். சிரட்டை போகவில்லை. தீண்டாமையைத் தண்டிக்க 1957இல் சட்டம் வந்தது. ஆனாலும் தேநீர்க்கடைகளும் கோவில்களும் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் போராட வேண்டியிருந்தது. உள்ளே விடாமல் மறித்தவர்களில் ஒரு வெள்ளைக்காரனும் இல்லை.

சகோதரிகளே, 2009இல் நாம் பதுங்குகுழிக்குள் இருந்தபோது பக்கத்தில் இருப்பவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. மெனிக் பாமில் தண்ணீருக்கு ஒரே வரிசையில் நின்றோம். ஒருவர் வாளியில் மற்றவர் குடித்தோம். மீள்குடியேறிய பின்னர் நான் போன ஒரு கிராமத்தில், ஒரே பொதுக் கிணற்றில் சிலர் வந்து போகும் வரை சிலர் தள்ளி நிற்கக் கண்டேன். "ஏன் அக்கா?" என்று கேட்டேன். "அது அப்பிடித்தான்" என்றார். இதை எழுதிய சட்டம் எதுவும் இப்போது இல்லை. ஆனாலும் பழக்கம் இருக்கிறது.

முதலியார்கள் ஒப்புக்கொண்டதற்கு இன்றைய பிள்ளைகள் குற்றவாளிகள் ஆக மாட்டார்கள். பிறப்பில் குற்றம் இல்லை. ஆனால் அந்த ஒப்புதலால் ஒரு வீட்டுக்குக் காணியும் கிணறும் கிடைத்தன, இன்னொரு வீட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததை அனுபவித்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அதுவும் ஓர் ஒப்புதல்தான்.

அன்று சட்டத்தை எழுதியவர்கள் ஆண்கள். பெண்களிடம் கேட்கவில்லை. ஆனால் யார் வீட்டில் சாப்பிடலாம், யாருக்கு எந்தக் கோப்பை என்பதைப் பிள்ளை முதலில் படிப்பது எமது குசினியில்தான். தகப்பன், மாமன், கோவில், பள்ளிக்கூடம் எல்லோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. எம் கையில் இருக்கும் பங்கை நாமே இன்று நிறுத்தலாம்.

கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது அந்த வயதான அம்மா எழுந்து, மூலையில் இருந்தவருக்குத் தன் கையால் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தார். "குடி பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் வாங்கிக் குடித்தார். அவருடைய அம்மம்மாவுக்கு நடந்ததை ஒரு கோப்பைத் தேநீர் ஈடு செய்யாது. ஆனால் எங்கள் குழு அடுத்த கூட்டத்துக்கு ஒரு விடயத்தை எடுத்திருக்கிறது: எமது ஊரில் காணி உறுதி இல்லாதவர்கள் யார், ஏன் இல்லை என்று பட்டியலிடுவது. உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.