பரணில் தூங்கும் நாயனம்

காருகுறிச்சி அருணாசலம் மறைந்தது 1964-ல். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகம் செய்தது 1963-ல். அது நம் ஊர் வீடுகளுக்கு வந்து சேர மேலும் பல வருஷம் ஆயிற்று. இந்த இரண்டு வருஷங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கோவில்பட்டியில் வாழ்ந்த அந்த மேதையின் வாசிப்பை, ஏதாவது ஒரு கல்யாண வீட்டிலோ கோயில் விழாவிலோ யாராவது சொந்தமாகப் பதிவு செய்திருந்தால், அது ஸ்பூல் டேப்பில்தான் இருக்க முடியும்.

'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அவருடைய நாயனத்தை இன்றும் யாரும் கேட்கலாம். சினிமா அதைக் காப்பாற்றிவிட்டது. ஆனால், கல்யாண வீட்டில் மணிக்கணக்கில் பொழிந்த ராக ஆலாபனையை யார் காப்பாற்றுவார்கள்? பரணில் கிடக்கும் அந்தப் பெட்டிதான்.

நாயனம் மட்டுமல்ல. கரிசல் பேச்சை இடைசெவல் கி.ராஜநாராயணன் அகராதியாகவே தொகுத்தார். சொல்லை எழுத்தில் பிடிக்கலாம்; அதைச் சொல்லும்போது குரல் இழுக்கும் இழுப்பை டேப்தான் பிடிக்கும். அப்பத்தாவின் ஒப்பாரி, களையெடுப்புப் பாட்டு, வில்லுப்பாட்டு, மேடைப் பேச்சு என்று எது பதிவாகியிருந்தாலும் அதற்கு உலகத்தில் வேறு பிரதி இருக்காது.

இப்படிப்பட்ட டேப் கிடைத்ததும் பலர் செய்வது, உடனே மெஷினில் மாட்டிச் சுழல விடுவதுதான். ஐம்பது அறுபது வருஷம் தூங்கிய டேப்புக்கு அந்த முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

மெஷினை எழுப்பும் முறை

பல வருஷம் ஓடாத டேப் ரிக்கார்டரை நேராக பிளக்கில் செருகக் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் காலப்போக்கில் கெட்டிருக்கும். கரகரப்பு, உறுமல் மட்டுமல்ல, புகையும் வரலாம். வால்வு செட்டாக இருந்தால் உள்ளே ஓடும் மின்சாரம் ஆபத்தானது. பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் பின்பக்கத்தில் வோல்டேஜ் எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 110-ல் நிற்கும் செட்டுக்கு நம் 230 வோல்ட் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய இன்னொரு உதவியும் உண்டு. கேசட்டில் பின்னால் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன்மேல் தவறிப் பதிவாகாது. ஸ்பூலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரெக்கார்ட் பட்டன் கைதவறி அழுந்தினால், பழைய சத்தம் அழிந்துகொண்டே போகும். டேப்பை மாட்டும் முன்பே அந்தப் பட்டனை வேலை செய்யாமல் கழற்றி வைக்கச் சொல்லலாம். முதலில் ஓட்ட வேண்டியது வேண்டாத ஒரு பழைய டேப்பை. அதைக் கடிக்காமல், கசக்காமல் மெஷின் ஓடிய பிறகே நல்ல டேப்புக்கு முறை.

டேப்பின் நாடி பார்ப்பது

ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். சுற்றின் ஊடே வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அசிட்டேட் டேப். பழைய காலத்துச் சரக்கு. தெரியாவிட்டால் பாலியஸ்டர். கரிசல் பூமியின் காய்ச்சலில் அசிட்டேட் வறண்டு நொறுங்கும். சுண்டினால் படக்கென்று அறும். பாலியஸ்டர் சுலபத்தில் அறாது. ஆனால் இழுபட்டு நீளும், நீண்ட இடத்தில் பாட்டும் கோணலாகும். இரண்டையுமே வேகமாக முன்னும் பின்னும் ஓட்டக் கூடாது. பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தள்ளிப்போடாமல் தக்கவர்களிடம் கொடுத்துப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்து டேப்புக்கு ஒரு நல்லது, ஒரு கெட்டது. கடற்கரை ஊர்களைப் போல இங்கே ஈரம் இல்லை; அதனால் பூஞ்சைத் தொல்லை குறைவு. ஆனால் கரிசல் புழுதி மாவு போன்றது. சுற்றுக்குள் நுழைந்தால், டேப் ஓடும்போது அதையும் ஹெட்டையும் சேர்த்துத் தேய்க்கும். பெட்டியை வெளியே துடைத்துவிட்டு, வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறப்பது நல்லது.

சத்தம் சரியில்லையா?

தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்டால், பத்தில் எட்டு முறை காரணம் அழுக்குதான். டேப் உரசிச் செல்லும் ஹெட்டில் பழுப்பு மாவு படிந்திருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கும் திரவம், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது. ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலும் வேண்டாம். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால், டேப் புறம் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். பழைய டேப்புகளில் மங்கலான பழுப்புப் பக்கம் ஹெட்டைத் தொட வேண்டும், பளபளப்பான பக்கம் வெளியே. அதுவும் சரி என்றால் ஹெட்டின் சாய்மானம் பிசகியிருக்கும். அதற்கென்று ஒரு சிறு திருகு உண்டு. ஆனால் அதை விவரம் தெரிந்தவர்தான், அந்த டேப்பையே ஓடவிட்டு, சத்தம் எங்கே துலக்கமாகிறது என்று கேட்டுக்கொண்டே திருப்ப வேண்டும்.

பாடுபவர் குரல் நடுங்கினால் பாகவதர்மேல் பழி போட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் உருளை கல்லாக இறுகியோ பிசினாக இளகியோ இருக்கும். இரண்டும் மாற்றக் கூடியவை.

பாட்டுக்குப் பின்னால் யாரோ தலைகீழாகப் பேசுவது கேட்கிறதா? பேய் இல்லை. நாலு தடமாகப் பதிந்த டேப்பை இரண்டு தட மெஷினில் ஓட்டுகிறீர்கள். எதிர்த்திசையில் பதிந்த பக்கத்துத் தடமும் சேர்ந்து ஒலிக்கிறது. நாலு தட மெஷினைத் தேட வேண்டியதுதான்.

அடுத்து வரப்போகும் வரி ஒரு நொடி முன்னாலேயே லேசாகக் கேட்டால் அது மெஷின் கோளாறே அல்ல. வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் படிந்துவிட்டது. ஓட்டுமுன் ஓரிரு முறை நிதானமாகச் சுற்றி எடுத்தால் ஓரளவு குறையும்.

டேப் 'க்ரீச்' என்று கத்தி, ஹெட்டில் ஒட்டி ஒட்டி நின்றால் உடனே நிறுத்த வேண்டும். 1970, 80-களில் வந்த சில டேப்புகளின் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும் நோய் இது. ஆய்வுக்கூடங்களில் அளவான சூட்டில் பல மணி நேரம் வைத்துத் தற்காலிகமாகச் சரிசெய்கிறார்கள். 'கோவில்பட்டி வெயிலே போதுமே' என்று மொட்டைமாடியில் காயவைத்தால் டேப் வளைந்து நெளிந்து போகும். அசிட்டேட் டேப்புக்கோ அந்த வைத்தியமே கூடாது.

டேப் அறுந்தால் பதற வேண்டாம். அதற்கென்று ஒட்டுநாடா இருக்கிறது. சாதாரண செல்லோடேப் போட்டால் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் கெடுக்கும்.

வேகத்துக்குச் சுருதியே சாட்சி

வீட்டு மெஷின்களில் விநாடிக்கு ஏழரை அங்குலம், மூன்றேமுக்கால், ஒன்றேமுக்காலே அரைக்கால் என்று வேகங்கள் உண்டு. இரட்டிப்பு வேகத்தில் ஓடினால் குரல் கிளியாகும்; பாதி வேகத்தில் ஓடினால் பூதமாகும். யாருக்கும் தெரிந்துவிடும். ஏமாற்றுவது இன்னொரு பிசகு. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. அங்கே வாங்கிய பழைய மெஷின்களில் பல, இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வோல்டேஜ்தான் மாறும், சுழற்சி மாறாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், காது போதும். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையும் அவர் சீடரான காருகுறிச்சியாரும் வாசித்தது நீளமான பாரி நாயனம். இரண்டரைக் கட்டைச் சுருதியில் பதிவான வாசிப்பு அப்படிப்பட்ட மெஷினில் ஒரு கட்டைக்கு இறங்கிவிடும்; தவிலும் சோம்பலாக விழும். நாயனம் கேட்டே வளர்ந்த பெரியவர்கள், 'இது அவர் சுருதி இல்லையே' என்று சொல்லிவிடுவார்கள். அதற்காக டேப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அப்படியே கணினியில் ஏற்றி, பிறகு வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் பழைய சுருதி திரும்பிவிடும்.

ஒரே ஓட்டம், முழுப் பதிவு

'முதலில் கேட்டுப் பார்ப்போம், நன்றாக இருந்தால் பதிவு செய்வோம்' என்பது இங்கே ஆகாது. முதல் ஓட்டத்திலேயே பதிவு நடக்க வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்துப் பிடிப்பது பதிவே அல்ல. மெஷினின் வெளியீட்டிலிருந்து வயர் மூலம் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். சுருக்காத வேவ் கோப்பாகச் சேமித்து, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் 900 அடி டேப் ஒரு பக்கத்துக்கு 48 நிமிஷம் ஓடும். ஓர் ஓய்வு நாளில் இரண்டு மூன்று ஸ்பூலை முடித்துவிடலாம்.

பிரதி எடுத்தாயிற்று என்று மூல டேப்பை எறியக் கூடாது. தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணைவிட, வீட்டின் உள்சுவர் அலமாரி மேல். ஸ்பூல்களை அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி, ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். நாட்டுப்பாடல் போன்ற அரிய பதிவாக இருந்தால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்ற இடங்களில் யோசனை கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. அதற்கு மெஷினே வேண்டாம். டேப்பில் பாடுவது யார், எந்த ஊர்க் கொடை, எந்த வீட்டுக் கல்யாணம், தவில் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் பெட்டியில் எழுதியிருக்காது. அந்த விவரம் எண்பதைத் தாண்டிய தாத்தா, பாட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது. பிரதியைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். டேப்பாவது இன்னும் சில வருஷம் பொறுத்துக்கொள்ளும்.