ஹீமோகுளோபின் 12.4... அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

எங்க பெரியம்மா பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. நாப்பது வருஷம் விறகடுப்பு ஊதினவங்க. விளைவு, சிஓபிடி. இன்ஹேலர் ஒழுங்கா இழுக்குறாங்க. ஆனாலும் தெருமுனைக் கடைக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவை உட்கார்றாங்க. ஹீமோகுளோபின் 12.4. "ரத்தம் நல்லாத்தான் இருக்கு, வயசாயிடுச்சுல்ல"ன்னு அனுப்பிட்டாங்க.

இங்கதாங்க எனக்குக் கடுப்பு. ஒரே ஒரு லாக்கைப் பார்த்துட்டு, பக் இல்லைன்னு டிக்கெட்டை மூடுற கதை. (நானும் மூடியிருக்கேன், ஹி ஹி.) இரும்பு ரத்தத்துக்கு மட்டுமில்லை. தசையில ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற மயோகுளோபினுக்கும், சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கும் வேணும். ஹீமோகுளோபின் இறங்குறதுக்கு முன்னாடியே கையிருப்பு காலியாகலாம். அழற்சி இருந்தா ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் கூடி, குடல்லயே இரும்பை மறிச்சிடும். அதே அழற்சி ஃபெரிட்டினை ஏத்திக் காட்டி ஏமாத்தவும் செய்யும். அதனால டிரான்ஸ்ஃபெரின் செறிவும் சேர்த்துப் பார்க்கணும். 20 சதவீதத்துக்குக் கீழன்னா சந்தேகப்படணும்.

அடம்பிடிச்சுப் பார்க்க வெச்சோம். ஃபெரிட்டின் வெறும் 9!

இரும்பு ஏத்தினா எல்லாரும் ஓடுவாங்கன்னு சொல்லலை. சிஓபிடிக்காரங்களுக்கு நரம்பு வழியா இரும்பு ஏத்திப் பார்த்த ஆய்வுகள் சின்னதுதான். நடக்குற திறன் கொஞ்சம் கூடினதா சிலதுல வந்திருக்கு. போன நுரையீரல் திரும்பாது. ஆனா 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல 15-49 வயசுப் பெண்கள்ல 57% பேருக்கு ரத்தசோகைன்னு வந்த நாட்டுல, இந்த டெஸ்ட்டைச் சண்டை போட்டா கேட்டு வாங்கணும்?

இரும்பு எந்த வழியா போகுதுன்னு வயித்தைப் பார்க்க வியாழக்கிழமை எண்டோஸ்கோபி. சாப்பிட்ட கையோட காபி குடிக்கிறதை மட்டும் பெரியம்மா விடமாட்டேங்கிறாங்க.