கடல்வழியும் காவலும்

கடல் நாடுகளைப் பிரித்து நிற்பது போலத் தோன்றும். ஆயினும், நாடுகளை இணைக்கும் பெருவழி அதுவே. உலக நாடுகள் தம்முள் கொண்டும் கொடுத்தும் நடத்தும் வாணிகத்தில், சரக்கின் அளவை நோக்கின், 100க்கு 80 பங்கு கடல்வழியே செல்கின்றது. கோதுமையும் நிலக்கரியும் எண்ணெயும் இயந்திரங்களும் கப்பலேறியே வருகின்றன. நிலத்தில் சாலை அமைக்கவும் பேணவும் பெரும்பொருள் வேண்டும். கடலிலோ நீரே சாலையாகின்றது. அதனால் தொலைநாட்டுப் பொருளும் ஏழையர் வாங்கத்தக்க விலையில் கிடைக்கின்றது.

கடலின் மேலே சரக்குச் செல்ல, அதன் அடியிலே செய்தி செல்கின்றது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்து நிலைபெற்ற தந்தி வடம் 1866ஆம் ஆண்டில் இடப்பட்டது. இன்றைய வடங்களில் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள் உள்ளன. அவற்றினூடே செய்தி ஒளியாய் ஓடுகின்றது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகள் யாவும் செயற்கைக்கோள் வழியே செல்கின்றன என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. அவற்றுள் 100க்கு 95 பங்குக்கு மேற்பட்டவை கடலடி வடங்கள் வழியே செல்வனவாம்.

இத்துணைப் பெரிய கடல்வழியும் சிற்சில இடங்களில் மிகவும் ஒடுங்கியுள்ளது. 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே தரைதட்டி நின்றது. அது மீட்கப்பட்ட 29ஆம் நாள் வரை நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்துக் கிடந்தன. அவற்றுக்கேனும் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் நெடுவழி ஒன்று இருந்தது. மாற்றுவழியே இல்லாதோர் நிலை என்னாகும்?

பசிபிக் பெருங்கடலிலுள்ள டோங்கா என்னும் சிறுநாடு இதற்குச் சான்றாகும். ஏறத்தாழ 170 தீவுகளையும் ஓர் இலட்சம் மக்களையும் உடைய அந்நாட்டைப் பிற நாடுகளோடு இணைத்தது ஒரே ஒரு வடம். 2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் கடலடி எரிமலை ஒன்று வெடித்தது, ஆழிப்பேரலை எழுந்தது, வடம் பல இடங்களில் அறுந்தது. நியூசிலாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த டோங்கா மக்கள், தம் பெற்றோரும் உடன்பிறந்தாரும் உயிரோடு உள்ளனரோ இல்லையோ என்று அறியாது கலங்கினர். தீவிலுள்ளோர்க்குப் பணம் அனுப்புதலும் தடைப்பட்டது. பழுதுபார்க்கும் கப்பல் நெடுந்தொலைவிலிருந்து வந்து, வடத்தின் முனைகளைத் தேடியெடுத்து இணைக்க ஐந்து வாரங்கள் சென்றன. தலைமைத் தீவிற்கு அப்பாலுள்ள தீவுகளின் வடம் 2023ஆம் ஆண்டிலேதான் சீராயிற்று.

சிறிய நாட்டிற்கு இரண்டாம் வடம் வீண்செலவன்றோ என்பார் சிலர். வாணிகக் கணக்கு மட்டும் பார்ப்பின் அவர் கூற்றுப் பொருந்துவதாகலாம். ஆயின், இடர் வந்த நாளில் உதவி கோரும் குரலுக்கு எவ்விலை குறிப்பது? ஊருக்குள் ஒரே கிணறு இருக்க, அது தூர்ந்த பின்னர் மற்றொன்று தோண்டத் தொடங்குதல் அறிவுடைமையாகாது. சிறுநாடுகளால் தனித்துத் தாங்க இயலாத இச்செலவைக் கடலால் மிகுதியும் பயன்பெறும் வளநாடுகள் பகிர்ந்துகொள்ளுதலே முறையாகும்.

எரிமலை வெடித்தலை மனிதரால் தடுக்க இயலாது. ஆனால், வடங்கள் பழுதுறுவதற்குப் பெரும்பான்மையும் காரணமாவன மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களுமே. கடலடி வடங்களைக் காத்தற்கென 1884ஆம் ஆண்டிலேயே நாடுகள் பல பாரிசு நகரில் கூடி உடன்படிக்கை செய்தன. அந்நெறியை மாலுமிகளும் அரசுகளும் வழுவாது போற்றுதல் வேண்டும்.

கடல் எவருக்கும் தனியுடைமை அன்று. அதன் பயன் அனைவர்க்கும் பொதுவாயின், அதனைக் காக்கும் கடமையும் அனைவர்க்கும் பொதுவே.