தொட்டுப் பார்க்கும் கணிதம்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்)

இயற்பியல் மாணவனுக்கு ஆய்வுக்கூடம் உண்டு. வேதியியல் மாணவனுக்கும் உண்டு. விலங்கியல் மாணவனுக்குப் புட்டியில் ஊறும் பாம்பாவது உண்டு. கணித மாணவனுக்கு? கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே! "கணக்குக்கு எதற்கப்பா ஆய்வுக்கூடம்?" என்று சிரிக்கும் நண்பர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

சென்ற விடுமுறையில் மகளைக் காண ஜெர்மனி சென்ற நம் துறைப் பேராசிரியர், கீசன் நகரில் 2002-இல் திறக்கப்பட்ட 'மாத்தமாட்டிக்கும்' என்னும் கணித அருங்காட்சியகத்தைப் பார்த்து வந்தார். திரும்பியதும் ஒரு வகுப்பு முழுதும் அதைப் பற்றியே பேசினார். (அன்று பாடம் நடக்கவில்லையே என்று எவரும் வருந்தவில்லை.) அங்கே எதையும் கையால் தொட்டுச் செய்து பார்க்கலாமாம். ஆணியும் கயிறும் இன்றிப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து லியோனார்டோ டா வின்சியின் பாலத்தைக் கட்டலாம். ஆள் நடுவில் நிற்க, சுற்றிலும் சோப்புப் படலம் தலைக்கு மேல் எழும்பும். நம் பேராசிரியரும் அதனுள் நின்றாராம்!

என் மனத்தில் தைத்தது வேறொன்று. அதனை நிறுவிய பேராசிரியர் ஆல்பிரெக்ட் பாய்ட்டல்ஷ்பாஹர், முதலில் தம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வடிவியல் மாதிரி ஒன்றைச் செய்து, அதிலுள்ள கணிதத்தை விளக்க வேண்டும், அவ்வளவே. அம்மாதிரிகள் 1994-இல் கண்காட்சியாயின. அதிலிருந்து வளர்ந்ததே அந்த அருங்காட்சியகம். அவர்கள் செய்ததை நாம் செய்யக் கூடாதா?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு ஊர்கள். பக்கம் 1 கி.மீ. நான்கையும் இணைக்கும் மிகக் குறுகிய சாலை எது? இரு மூலைவிட்டங்கள் என்போம்: 2.828 கி.மீ. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நான்கு குச்சிகளை நிறுத்திச் சோப்பு நீரில் முக்கி எடுங்கள். படலம் நடுவே இரண்டு சந்திப்புகளை அமைத்துக் கொள்ளும். ஒவ்வொன்றிலும் மூன்று கிளைகள், இடையே 120 பாகை. நீளம் 1+√3, அதாவது 2.732 கி.மீ. தான்!

பொம்மை காட்டினால் தேற்றம் வந்துவிடுமா என்பீர்கள். வராது. இதற்கும் குறைந்த சாலை ஏன் இல்லை என்பதைச் சோப்பு சொல்லாது. தாளில்தான் நிறுவ வேண்டும். ஆனால், நிறுவிப் பார்க்கும் ஆசையை எனக்கு ஊட்டியது சோப்பு நீர்தான். நோட்ஸ் அன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். "மூணு வருசமும் கணக்கேவா? அதுல அப்படி என்னடா இருக்கு?" என்பார். அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கையில் 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து மூலைமட்டம் பார்ப்பவர் அவர். சென்ற மாதம் அட்டையில் முக்கோணம் வெட்டி, மூன்று பக்கங்களிலும் 9, 16, 25 கட்டங்களை ஒட்டிக் காட்டினேன். இருபத்தைந்தையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு, "இதை எந்த மேஸ்திரியும் எனக்குச் சொல்லலியே" என்றார்.

நம் துறைக்கு அரசு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாடிப்படியின் கீழே உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறையைத் துறைத்தலைவர் அவர்கள் திறந்துவிட்டால் போதும். கண்ணாடியும் சோப்பும் என் பொறுப்பு. பாலத்துக்குச் சென்ட்ரிங் பலகை தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.