பழைய ரூபாயைப் புளி போட்டுத் துலக்கலாமா?

மேற்கு மலை அடிவாரத்தில் பிளவக்கல் அணை இருக்கிறது. அதன் தண்ணீரில் வயல் விளையும் ஊர்களில் பழைய குடும்பங்கள் பல. டிரங்குப் பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி ரூபாய் நாலைந்து வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. சிலவற்றில் விக்டோரியா ராணியின் தலை. சிலவற்றில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை.

பூஜை நாள் வந்தால் அவை வெளியே வரும். புளி போட்டுத் தேய்ப்பார்கள். விபூதி வைத்துத் துலக்குவார்கள். ரூபாய் பளபளவென்று மின்னும். பாட்டிக்கும் திருப்தி.

பிறகு ஒரு நாள் பணமுடை வரும். ரூபாயை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போவார்கள். எடை போட்டு, வெள்ளி விலைதான் தருவார்கள். "நூறு வருஷத்துக் காசாயிற்றே!" என்று சொல்லிப் பயன் இல்லை.

ஏன் இப்படி?

நாணயம் சேகரிப்பவர்கள் வயதை மட்டும் பார்ப்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ராஜராஜ சோழன் செப்புக் காசுகூட, தேய்ந்திருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரிதான காசா, எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் விலையை ஏற்றும், இறக்கும்.

"குட்" என்றால் நல்லதா?

நிலையைச் சொல்ல வியாபாரிகள் ஆங்கிலப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கைமாறாத புதுக்காசு "அன்சர்குலேட்டட்". மேடான இடம் மட்டும் லேசாகத் தேய்ந்தது "எக்ஸ்ட்ரீம்லி பைன்". இன்னும் தேய்ந்தது "வெரி பைன்". அதற்கும் கீழே "பைன்". அதற்கும் வெகு கீழே வருகிறது "குட்".

"குட்" என்றால் நல்ல காசு என்று நினைத்து வாங்கினால் போச்சு! ராஜா தலையின் வெளிக்கோடு தெரியும். மூக்கும் முழியும் தெரியாது. அதற்குத்தான் அந்தப் பெயர்!

1949-ல் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் இதற்கு மார்க் போட ஒரு வழி சொன்னார். தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காகச் செய்த கணக்கு அது. பிறகு எல்லா நாணயத்துக்கும் பரவியது. பள்ளிக்கூடத்தில் 100 மார்க். இங்கே 70 தான் முழு மார்க். 60-ம் அதற்கு மேலும் இருந்தால் புழங்காத காசு.

மார்க் போடுவது மனிதக் கண்தானே? ஒருவர் 50 போட்ட காசுக்கு இன்னொருவர் 40 போடுவார். விற்கிறவர் கண்ணுக்கு எல்லாம் புதுசு. வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாம் பழசு! ஆகவே 1986 முதல் அமெரிக்காவில் மூன்றாவது ஆள் மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் கம்பெனிகள் வந்தன.

துலக்கிய காசுக்கு அவர்கள் மார்க் போடுவதில்லை. "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிவிடுவார்கள். துளை போட்ட காசுக்கும், காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் அதே கதிதான். வெள்ளியின் மேல் படியும் கறுப்பு அழுக்கு அல்ல. காலம் பூசிய பூச்சு. தேய்த்தால் அதோடு வெள்ளியின் மெல்லிய தோலும் போகிறது. போனது திரும்பாது.

வீட்டிலேயே பார்க்கலாம்

ரூபாயை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும். கிரீடம், காதுக்கு மேல் முடி, புருவம் ஆகியவை முதலில் தேயும். விக்டோரியா ரூபாயின் எடை ஒரு தோலா. அதாவது 11.66 கிராம். எடை மிகவும் குறைந்தால் சந்தேகப்படவேண்டும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே அல்ல.

1911-ஆம் வருட ரூபாய் கிடைத்தால் மன்னர் அங்கியில் உள்ள யானையைப் பாருங்கள். தும்பிக்கை குட்டை. பன்றி போல் இருக்கிறது என்று மக்கள் முகம் சுளித்தார்கள். சர்க்கார் அதை நிறுத்தி, அடுத்த வருடம் தும்பிக்கையை நீட்டியது. அந்த யானையே தேய்ந்து மறைந்திருந்தால், கதை இருக்கும், விலை இருக்காது.

இன்னொரு பக்கம் மோசடி. "உங்கள் பழைய காசுக்கு லட்ச ரூபாய். முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று செல்போனில் ஆசை காட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏமாற்றுகிறார்கள். அப்படிக் கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஏமாந்தவர்கள் படித்தவர்களும்தான்.

உழும்போது மண்ணுக்குள்ளிருந்து காசுக் குடம் கிடைத்தால் அது வேறு விஷயம். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். 1878-ஆம் வருடச் சட்டம் அது.

மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே விக்டோரியா ரூபாயைப் புதுசு, பாதி தேய்ந்தது, முழுதும் தேய்ந்தது, துலக்கிக் கெட்டது என்று நாலு விதமாக வரிசையாக வைத்து, தமிழில் பெயர் எழுதிக் காட்டலாம். செலவு அதிகம் ஆகாது. பிளவக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருகிற குடும்பம், தன் காசை எந்தக் காசோடு சேர்ப்பது என்று அங்கேயே தெரிந்துகொள்ளும்.