ஒற்றைப் பூட்டும் குளோபல் மாறிகளும்

பைதான் இன்டர்பிரெட்டரின் சி மூலநிரலில் குளோபல் மாறிகள் இருப்பதால் கேடில்லை, ஜிஐஎல் என்னும் ஒற்றைப் பூட்டு எல்லாவற்றையும் காத்துவிடும் என்பது பரவலான கருத்து. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி, விழுப்புரம், திண்டிவனம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் முதல் பருவத்திலேயே பைதான் வந்தது. கணினிப் பிரிவினருக்கு இரண்டாம் பருவத்தில் சி. இரண்டும் சந்திக்கும் இந்த மூலநிரலைத் திறக்கும் மாணவர், அந்தக் கருத்தை நம்பித் தொடங்கக் கூடாது.

பூட்டு ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். 2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12, எரிக் ஸ்நோ எழுதிய பெப் 684 என்னும் முன்மொழிவின்படி ஒவ்வொரு இன்டர்பிரெட்டருக்கும் தனிப் பூட்டை அனுமதித்தது. ஒரே புராசஸில் இரண்டு இன்டர்பிரெட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒரு குளோபல் மாறி சுட்டும் பொருளின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை இரண்டும் மாற்றினால் கணக்குத் தவறும். பயன்பாட்டில் உள்ள பொருளின் நினைவகமே விடுவிக்கப்பட்டுவிடலாம். ஒற்றைப் பூட்டு இருந்த காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு துணை இன்டர்பிரெட்டர் உருவாக்கிய பொருளைக் குளோபல் மாறி பிடித்து வைத்திருக்கும். அந்த இன்டர்பிரெட்டர் முடிந்த பிறகு இன்னொன்று அதே பொருளைத் தொடும். யார் முன், யார் பின் என்பதைப் பூட்டு ஒழுங்குசெய்யுமே தவிர, பொருள் யாருடையது என்பதை அது அறியாது.

‘ஸ்டாடிக்’ என்று அறிவித்தால் குளோபல் ஆகாது என்பதும் தவறு. ஃபங்ஷனுக்கு வெளியே அச்சொல் பெயர் தெரியும் எல்லையைத்தான் சுருக்குகிறது. ஃபங்ஷனுக்குள் ஒளிந்திருந்தாலும் அந்த மாறி புராசஸ் முழுவதற்கும் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாததால் இவ்வகையே அதிகம் தொல்லை தரும்.

குளோபல் மாறிகளுக்குப் பதிலாக நிலையை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்துச் சுட்டியாகக் கடத்தினால் வேகம் கெடும் என்கிறார்கள். லுவா தன் நிலை முழுவதையும் ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, தன் சி ஏபிஐ ஃபங்ஷன்களுக்கு அதன் சுட்டியைத் தருகிறது. வேகத்துக்குப் பேர்பெற்றதும் அதே லுவாதான்.

ஆயிரக்கணக்கான மாறிகளைத் தேடிப்பிடிக்க முடியாது என்பதற்கும் பதில் உண்டு. சிபைதான் எனப்படும் இந்த இன்டர்பிரெட்டரின் மூலநிரலிலேயே உள்ள சி-அனலைசர் என்னும் கருவி அவற்றைப் பட்டியலிட்டு, பட்டியலில் இல்லாத புதியதைச் சுட்டிக்காட்டுகிறது. எல்லாவற்றையும் நீக்கவும் வேண்டியதில்லை: மாறாத கான்ஸ்ட் அட்டவணைகள் இருக்கலாம், சிக்னல் கையாளுதல் இயல்பிலேயே புராசஸுக்கு உரியது, -5 முதல் 256 வரையிலான முழு எண்கள் 3.12 முதல் அழியாப் பொருள்களாக, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை மாறாமல் பகிரப்படுகின்றன. மற்றவை இன்டர்பிரெட்டர் நிலைக்கு உரியவை.

புதிதாக சி நீட்சி எழுதுவோர் பெப் 489-இன் பலகட்டத் தொடக்கத்தைப் பின்பற்றி, முதல் வரியிலிருந்தே தம் மாறிகளை மாட்யூல் நிலைக்குள் வைக்க வேண்டும்.